கச்சேரி மேடை ஏறிய ‘புறம்போக்கு’: டி.எம்.கிருஷ்ணா பாடிய பாட்டுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் என்ன சம்பந்தம்?

சென்னையில் யாரையாவது பார்த்து ‘பொறம்போக்கு’ என்று சொன்னால் சண்டை உறுதி. அதே சொல்லை தாலுகா ஆபீஸில் சொன்னால், யாருக்கும் கோபம் வராது. “எந்த சர்வே நம்பர்?” என்று கேட்டுவிட்டு ரெஜிஸ்டரை எடுப்பார்கள். ஒரே சொல்தான். தெருவில் வசவு, ஆபீஸில் நிலத்தின் வகை.

2017 ஜனவரி 14, பொங்கல் நாளில் இந்தச் சொல் மூன்றாவதாக ஓர் இடத்துக்குப் போனது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, எண்ணூர் கழிமுகத்தில் உட்கார்ந்து, ராகமாலிகையாக இதைப் பாடிய வீடியோ யூடியூபில் வெளியானது. பெயர் ‘சென்னை பொறம்போக்கு பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி.

எண்ணூருக்கு வடக்கே, அதே உப்பங்கழியைப் பிடித்துக்கொண்டு போனால் பழவேற்காடு ஏரி. அங்கே இருக்கும் மீனவ கிராமங்களுக்கு, புறம்போக்கு என்றால் என்ன என்ற கேள்வி வெறும் சொல் விளையாட்டு இல்லை. வலை போடும் தண்ணீர், படகு இழுத்து வைக்கும் மணல், கருவாடு காயவைக்கும் திட்டு என்று அவர்கள் பிழைப்பு நடக்கும் இடங்களில் பெரும்பாலானவை தனி ஆள் பெயரில் பட்டா இல்லாதவை.

புகழ்பெற்ற ஒரு பாடகர், தன் குரலை இன்னொருவரின் வரிகளுக்குக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது? அதனால் அந்த வரிகளில் வரும் மண்ணுக்கும் மனிதர்களுக்கும் ஏதாவது கிடைக்கிறதா? பார்க்கலாம்.

முதலில், என்ன பாட்டு இது?

மூன்று விஷயங்களைச் சேர்த்துச் செய்த பாட்டு. வார்த்தைகள் கபேர் வாசுகியுடையவை. இவர் சென்னையைச் சேர்ந்த சுயாதீன இசைக் கலைஞர். சினிமாவை நம்பாமல், தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுபவர். இந்தப் பாட்டின் மொழி சுத்தமான சென்னைத் தமிழ். மெட்டமைத்தவர் வயலின் கலைஞர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். பாடியவர் கிருஷ்ணா.

ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி, சிந்துபைரவி என்று ராகங்கள் மாறிக்கொண்டே போகும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதெல்லாம் நெருக்கமான ராகங்கள். ஆனால் அந்த ராகத்தில் வரும் சொற்கள் அதுவரை சபாவில் கேட்காத சொற்கள். ஏரி, ஆறு, துறைமுகம், சாம்பல், வெள்ளம் என்று போகிறது பாட்டு. பொதுவில் இருந்த நீர்நிலைகளையும் ஓரங்களையும் ‘சும்மா கிடக்கும் இடம்’ என்று நினைத்து மூடினோம், அதன் விலையை ஊரே கொடுக்கிறது என்பதுதான் சாரம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீடியோவை இயக்கியவர் ரதீந்திரன் ஆர்.பிரசாத். பின்னணியில் இருந்தது, சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் இயங்கும் ‘வெட்டிவேர் கலெக்டிவ்’ என்ற குழு. முகத்தில் மாஸ்க், பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. கொரோனாவுக்கு மூன்று வருடம் முன்பு மாஸ்க் போட்ட பாடகர் என்பது பார்ப்பவரைக் கொஞ்சம் நிறுத்தும் காட்சிதான்.

ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் பாடுவது புதுசா என்ன?

இல்லை. தமிழ் சினிமா முழுக்க அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கர்நாடக இசையில் கணக்கு வேறு. அங்கே பெரிதாக மதிக்கப்படுபவர் ‘வாக்கேயக்காரர்’. சொல்லும் மெட்டும் ஒரே ஆளிடமிருந்து வர வேண்டும். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் அந்த வகை. பாடகரின் வேலை, முன்னோர் வைத்துவிட்டுப் போனதைத் தன் குரலில் எடுத்துக் கொடுப்பது. அதனால் கச்சேரியில் உயிரோடு இருக்கும் ஓர் எழுத்தாளரின் பாட்டு கேட்பது அபூர்வம். கேட்டாலும் கடைசியில், துக்கடா வரிசையில் வரும்.

மேற்கில் இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம் உண்டு. மூத்த பாடகர் ஒருவர், ஒரே பாடலாசிரியரின் பாட்டுகளை மட்டும் எடுத்து முழு ஆல்பம் போடுவார். நல்ல உதாரணம் பெட்டி லவெட். ‘சோல்’ பாடகி. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ப்ளூஸும் கலந்து வளர்ந்த அமெரிக்க இசைதான் சோல். 1946இல் பிறந்த லவெட், 1962இல் 16 வயதில் முதல் இசைத்தட்டு போட்டார். 1972இல் பதிவுசெய்த அவருடைய முழு ஆல்பத்தை கம்பெனி வெளியிடாமல் கிடப்பில் போட்டது. பல பத்தாண்டுகள் பெரிய வெளிச்சம் இல்லாமல் சின்ன மேடைகளில் பாடினார். 2018இல், பாப் டிலனின் 12 பாட்டுகளை மட்டும் வைத்து ‘திங்ஸ் ஹேவ் சேஞ்ச்டு’ ஆல்பம் கொடுத்தார். 2023இல், டிலன் அளவுக்குப் பிரபலம் இல்லாத ராண்டல் பிராம்லெட் என்ற பாடலாசிரியரின் பாட்டுகளை வைத்து இன்னொரு ஆல்பம்.

இரண்டும் ஒரே வேலை மாதிரித் தெரிந்தாலும் இரண்டு வேறு விஷயங்கள். டிலனுக்கு லவெட் தேவையில்லை. உலகமே கேட்ட பாட்டுகள் அவை. அங்கே லவெட் செய்தது, தெரிந்த வரியை ஒரு மூத்த கறுப்பினப் பெண்ணின் அனுபவத்திலிருந்து சொல்லி, அர்த்தத்தைத் திருப்பிப் போட்டது. பிராம்லெட் விஷயத்தில் அவர் கொடுத்தது வேறு. தன் பெயரால் வரும் காதுகளை, அதிகம் பேர் அறியாத ஓர் எழுத்துக்குத் திருப்பிவிட்டார். கிருஷ்ணா - கபேர் வாசுகி கூட்டணி இந்த இரண்டாவது வகை.

நம்ம பக்கம் இதற்கு முன்னோடி யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். பெரிய பெயர், எம்.எஸ்.சுப்புலட்சுமி. தன் அறுபதுகளில், 1980 வாக்கில், திருமலை திருப்பதி தேவஸ்தானம் கேட்டுக்கொண்டதால் ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ என்ற எல்பி இசைத்தட்டு வரிசையைப் பாடினார். அதன் உயிர்நாடி, 15ஆம் நூற்றாண்டின் அன்னமாச்சாரியார் எழுதிய தெலுங்குக் கீர்த்தனைகள். திருமலைக் கோயிலில் செப்பேடுகளில் வரிகள் இருந்தன. ஆனால் பெரும்பாலான பாட்டுகளுக்குப் பழைய மெட்டு கைமாறி வரவில்லை. இசைக் கலைஞர்கள் புதிதாக மெட்டமைத்தார்கள், எம்.எஸ். பாடினார். இன்று தமிழ்நாட்டில் அதிகாலை டீக்கடை ரேடியோ வரை அன்னமாச்சாரியார் வந்ததில் அந்த இசைத்தட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. செப்பேட்டில் இருந்தவரை அது ஆவணம். ஒரு பெரிய குரல் எடுத்ததும் மக்கள் பாட்டு.

இன்னொரு முன்னோடி டி.கே.பட்டம்மாள். பாரதியார் பாட்டுகளை மேடையிலும் இசைத்தட்டிலும் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர். பாரதியார் விஷயத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. அவருடைய பாட்டுகளை இசைத்தட்டில், சினிமாவில் பயன்படுத்தும் உரிமை ஒரு கட்டத்தில் தனியார் கையில் இருந்தது. ஏவி.மெய்யப்பச் செட்டியார் அதை வைத்திருந்தார். ‘பாரதி யாருக்குச் சொந்தம்?’ என்று பெரிய விவாதம் கிளம்பியது. பிறகு அவர் பணம் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது.

அதாவது, நிலத்துக்கு வந்த கேள்வி பாட்டுக்கும் வந்திருக்கிறது. தனிச் சொத்தா, பொதுச் சொத்தா? பாரதி பாட்டு விஷயத்தில் தமிழ்நாடு ‘பொது’ என்று முடிவெடுத்தது. நீர்நிலை விஷயத்தில் அவ்வளவு தெளிவாக முடிவெடுக்கவில்லை.

சரி, புறம்போக்கு என்றால் சரியாக என்ன?

வருவாய்த் துறை மொழியில், தனியார் பட்டாவுக்கும் வரி விதிப்புக்கும் வெளியே, பொதுப் பயன்பாட்டுக்காக ஒதுக்கிய நிலம். ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல் தரை, சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் இதில் வரும். நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என்று பல வகை. ஆங்கிலேயர் காலத்து நிலவரி முறை, வரி வரும் நிலம், வரி வராத நிலம் என்று கோடு போட்டதும், இரண்டாவது வகை மெல்ல ‘உதவாத நிலம்’ ஆகிவிட்டது. அங்கிருந்து ‘உதவாத ஆள்’ என்ற வசவுக்கு ரொம்ப தூரம் இல்லை.

இந்தச் சொல்லைத் திரும்ப மீட்க நினைத்தது இந்தப் பாட்டு மட்டும் இல்லை. எஸ்.பி.ஜனநாதன் 2015இல் எடுத்த படத்தின் பெயரே ‘புறம்போக்கு என்கிற பொதுவுடைமை’. பாட்டு அதே வேலையை வேறு இடத்தில் செய்தது. சுத்தம், சம்பிரதாயம், உயர்வு என்று நினைக்கும் ஒரு இசைக்குள் இந்தச் சொல்லை உட்கார வைத்தது. வசவாகக் கேட்டுப் பழகிய காது, அதை கமகத்தோடு திரும்பத் திரும்பக் கேட்கும்போது ஒரு கட்டத்தில் வசவு உதிர்ந்துவிடுகிறது. இந்தப் பாட்டில் மெட்டு செய்யும் முக்கியமான வேலை இதுதான்.

பழவேற்காடு இதில் எங்கே வருகிறது?

வரைபடத்தை எடுங்கள். கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தின் உப்பங்கழி, பக்கிங்ஹாம் கால்வாயோடு சேர்ந்து வடக்கே காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரை நீள்கிறது. தண்ணீருக்கு எண்ணூர் வேறு, பழவேற்காடு வேறு இல்லை.

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும் பகுதி ஆந்திராவில், இப்போதைய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தெற்குப் பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரியைத் தாண்டி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் ஏவும் நாட்களில் ‘கடலுக்குப் போகாதீங்க’ என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், அவற்றைப் பார்க்க சென்னையிலிருந்து கார்கள் வரும். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடமும், டச்சுக் கல்லறைத் தோட்டமும் இங்கேதான். சோழமண்டலக் கடற்கரையில் டச்சு வணிகத்துக்குத் தலைமையிடமாக இருந்த ஊர்.

சுற்றுலாவுக்கு இவ்வளவு போதும். மீனவருக்கு இந்த ஏரி, இறாலும் நண்டும் மடவையும் தரும் இடம். ஆற்று நன்னீரும் கடல் உப்புநீரும் கலக்கும் விகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் மீன்வரத்து குறையும், கடலுக்குப் படகு எடுப்பதும் கஷ்டம். இருளர் பழங்குடியினர் வலையே இல்லாமல், ஆழமில்லாத தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீரின் அடியில் இருக்கும் சேறுதான் முதலீடு. அதில் சாம்பலோ எண்ணெயோ படிந்தால் முதலில் அடிபடுவது அவர்கள் கைதான்.

‘பாடு’ என்றால் பாட்டு மட்டும் இல்லை

இந்த ஏரிக்கரையில் ‘பாடு’ என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் இருக்கிறது. அது மீன்பிடி முறையின் பெயர். ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்களை அடையாளம் வைத்து, யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இன்று உங்களுக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறை வேறொருவருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்த முறைக்குப் பேர்போனவை. இங்கே ஏரியின் எந்த மூலைக்கும் யாரும் பத்திரம் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் யார் வேண்டுமானாலும் வந்து அள்ளலாம் என்றும் இல்லை. பொதுச் சொத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது.

பொது நிலத்தைப் பற்றி நகரத்தில் ஒரு வாதம் அடிக்கடி வரும். ‘யாருக்கும் சொந்தமில்லை என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் அரசோ கம்பெனியோ எடுத்துக்கொள்வதுதான் சரி’ என்று. பாடு முறை அந்த வாதத்துக்கு நேரடியான பதில். ஆய்வாளர்கள் பல வருடமாக இதைத் தேடி வந்து எழுதியிருக்கிறார்கள்.

அதற்காக இதை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. பாடு, பரம்பரையாகப் பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டு உரிமையோடு கட்டப்பட்டது. ஏரியை நம்பியிருக்கும் தலித் மக்களுக்கும் இருளருக்கும் மற்றவர்களுக்கும் அதில் சம பங்கு இல்லை. இது தொடர்பான சச்சரவுகள் நீண்ட காலமாக இருக்கின்றன. ‘பொது’ என்று சொன்னதும், ‘யாருடைய பொது?’ என்ற கேள்வி ஏரிக்கரையிலும் எழத்தான் செய்கிறது.

வலை இழுக்கும்போது பாடும் ‘அம்பா’ பாட்டுகளும் நம் கடற்கரைக்கு உண்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் திரும்பச் சொல்லி, அந்தத் தாளத்தில் எல்லாரும் ஒன்றாக இழுப்பார்கள். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. காப்புரிமை கிடையாது. பாட்டிலேயே புறம்போக்கு என்றால் இதுதான்.

இப்போது என்ன ஆபத்து?

எண்ணூரில் நடந்தது கண் முன்னே இருக்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழாய்கள் கசிந்து கழிமுகத்தில் படிந்தது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தப் பாதிப்புக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, சீரமைக்கச் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் வந்து, படகு, வலை, அலையாத்தி மரங்கள் எல்லாம் கறுப்பாயின. அதே மாதம் உரத் தொழிற்சாலையின் அமோனியா குழாயில் கசிவு ஏற்பட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம். எல்&டி கட்டியது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. விரிவாக்கத் திட்டத்தின் அளவைப் பாருங்கள்: சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு மேல். ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்கு கையாளும் திறனிலிருந்து 320 மில்லியன் டன்னுக்கு. இதில் ஒரு பெரிய பகுதி கடலை மணல் கொட்டி மேடாக்கி எடுப்பது. பொது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும், 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, கடும் எதிர்ப்புக்கு நடுவே இரண்டு தடவையும் தள்ளிவைக்கப்பட்டது.

திட்டத்தை ஆதரிப்பவர்கள் முதலீடு, வேலைவாய்ப்பு என்கிறார்கள். எதிர்ப்பவர்களின் பயம் இது: கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருப்பது குறுகலான ஒரு மணல் தீவு. துறைமுகச் சுவர்கள் கடல் நீரோட்டத்தைத் தடுத்தால், ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறு பக்கம் அரிக்கும். அரிப்பு கூடிக்கொண்டே போய் அந்த மணல் தடுப்பு உடைந்தால், ஏரி ஏரியாக இருக்காது. கடலோடு சேர்ந்துவிடும். உவர்நீரை நம்பி வரும் இறால் வராது. பாடு போட இடமும் இருக்காது.

இங்கேதான் அந்தச் சொல் திரும்பி வருகிறது. ஃபைலில் ‘காலி இடம்’, ‘புறம்போக்கு’ என்று எழுதினால், அதை எடுப்பதால் யாரும் எதையும் இழக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. அங்கே சீட்டுப் போட்டு மீன்பிடிக்கும் மூன்று ஊரும், கையால் இறால் துழாவும் குடும்பமும் அந்த ஃபைலில் தெரிவதில்லை.

ஒரே ஒரு பாட்டோடு நின்றுவிட்டதா?

இல்லை. கபேர் வாசுகியின் பாட்டு வந்த அதே காலகட்டத்தில், கிருஷ்ணா இன்னோர் எழுத்தாளரின் வரிகளையும் தொடர்ந்து பாட ஆரம்பித்தார். அவர் பெருமாள்முருகன். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு வந்த எதிர்ப்பால், 2015 ஜனவரியில் ‘எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான்’ என்று அறிவித்துவிட்டு எழுதுவதையே நிறுத்தியவர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு ஆதரவாக வந்தது. மறுபடி எழுத வந்தவர், கதை, கவிதையோடு கீர்த்தனைகளும் எழுதினார். கிருஷ்ணா அவற்றை மேடையில் பாடினார்.

நாம் ஆரம்பத்தில் பார்த்த லவெட் ஆல்பத்துக்குத் தமிழில் மிக நெருக்கமான விஷயம் இதுதான். பேர்பெற்ற ஒரு குரல், உயிரோடு இருக்கும் ஒரே எழுத்தாளரிடம் திரும்பத் திரும்பப் போவது. இதற்கு விலையும் இருந்தது. 2023இல், வைக்கம் போராட்ட நூற்றாண்டையொட்டி, பெரியார் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய பாட்டைக் கிருஷ்ணா பாடினார். 2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி அவருக்கு ‘சங்கீத கலாநிதி’ அறிவித்ததும், அவர் பெரியாரைப் போற்றுவதையும் காரணமாகச் சொல்லி சில முன்னணிக் கலைஞர்கள் அகாடமி மேடையிலிருந்து விலகினார்கள். சர்ச்சை கோர்ட் வரை போனது. யார் எழுதிய வரியை ஒருவர் பாடுகிறார் என்பது கர்நாடக இசை உலகில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

விமர்சனமே இல்லையா?

உண்டு. கேட்க வேண்டிய விமர்சனங்களும் உண்டு.

முதலாவது, இசை ரசிகர்கள் சொல்வது: கர்நாடக இசைக்கு இந்த மொழி ஒட்டவில்லை. இதற்குப் பதில் சுலபம். தமிழ்ப் பாட்டே கச்சேரிக்கு ஒட்டாது என்று சொன்ன காலம் இருந்தது. அதை எதிர்த்துத்தான் 1940களில் அண்ணாமலை செட்டியார் முன்னின்ற தமிழிசை இயக்கம் வந்தது. ஒட்டுவதும் ஒட்டாததும் பெரும்பாலும் பழக்கம்தான்.

இரண்டாவது, இன்னும் கனமானது: மீனவர் பிரச்சினையைப் பாட, ஏன் மேல்தட்டு சபாவிலிருந்து ஒருவர் வர வேண்டும்? கடற்கரையிலும் வடசென்னையிலும் கானா இருக்கிறது, ராப் இருக்கிறது, பாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதே விஷயத்தைப் பாடினால் ஆங்கிலப் பத்திரிகைகள் இவ்வளவு எழுதியிருக்குமா? நியாயமான கேள்வி. எழுதியிருக்காது. பாட்டு செல்லுபடியானதற்கு ஒரு காரணம் பாடியவரின் அந்தஸ்து. அந்த அந்தஸ்து எங்கிருந்து வருகிறது என்பதைக் கிருஷ்ணாவே பல வருடமாக எழுதியும் பேசியும் வருகிறார். 2015இலிருந்து மார்கழி சீசனில் பாடாமல் விலகியதும், அதே ஆண்டு பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவ கிராமத்தில் நண்பர்களோடு கலை விழா ஆரம்பித்ததும் அதன் தொடர்ச்சி. 2016இல் ராமன் மகசேசே விருது கிடைத்ததும் இந்த வேலைக்காகத்தான்.

ஆனாலும் கேள்வி முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. சபாவின் குரல் கடற்கரைக்கு வந்தது. கடற்கரையின் குரல் அதே மரியாதையோடு சபாவுக்குப் போயிருக்கிறதா? அந்தப் பாதி இன்னும் பாக்கி.

கடைசியாக: பாட்டு எதையாவது மாற்றியதா?

பாட்டு ஒரு துறைமுகத்தை நிறுத்தும் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் பாட்டால் ஒன்றுமே ஆகாது என்பதும் உண்மை இல்லை. இதே ரதீந்திரன் பிரசாத் இயக்கிய ‘கொடைக்கானல் வோன்ட்’ வீடியோ 2015 ஜூலையில் வந்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசப் பாதிப்பு பற்றி சோபியா அஷ்ரப் பாடிய ராப். உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்போடு உடன்பாட்டுக்கு வந்தது. இது ஒரு வீடியோவின் வெற்றி என்று சொன்னால் தப்பு. ஆலை 2001இல் மூடியதிலிருந்து தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் அது. வீடியோ, கடைசிக் கட்டத்தில் அந்தப் போராட்டத்தின் பக்கம் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

பொறம்போக்கு பாட்டின் கணக்கும் அப்படித்தான். எண்ணூர் மீனவர்கள் சாம்பலைப் பற்றி மனு கொடுக்க ஆரம்பித்தது பாட்டுக்கு ரொம்ப முன்பே. பாட்டு வந்த அதே 2017 அக்டோபரில் கமல்ஹாசன் கழிமுகத்துக்கு நேரில் போனார், செய்தி தலைப்புக்கு வந்தது. அதற்குப் பின் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போனதற்குக் காரணம், பழவேற்காடு முதல் காட்டுப்பள்ளி வரை ஊர் ஊராகத் திரண்ட மக்கள்தான். பாட்டு செய்தது இன்னொரு வேலை. ‘அது வெறும் புறம்போக்குதானே’ என்று இனி யாராவது கூட்டத்தில் சொன்னால், பதில் சொல்ல ஒரு சொல்லைத் தயார் செய்து கொடுத்தது. அதே சொல்லைத்தான்.

கருத்துக்கேட்புக் கூட்டம் மறுபடியும் ஒரு நாள் அறிவிக்கப்படலாம். அன்று மைக்கைப் பிடித்துப் பேசப்போவது பாடகர்கள் இல்லை. கோட்டைக்குப்பத்து அண்ணன்களும், வைரவன்குப்பத்து அக்காக்களும், இறால் துழாவும் இருளர் குடும்பங்களும்தான். யாருடைய ஏரி, அதற்கு என்ன முறை என்பதை அவர்களால் பாட்டில்லாமலே சொல்ல முடியும். கேட்கும் பக்கத்தில் இருக்கும் நமக்கு, அந்தச் சொல்லை வசவாகக் கேட்காமல் இருக்கப் பழக்கிவிட்டது அந்தப் பாட்டு. இனி ஒரு சர்வே நம்பருக்குப் பக்கத்தில் ‘புறம்போக்கு’ என்று பார்த்தால், அங்கே யார் பிழைக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.